கல்யாணப் பட்டு மடிப்பில் விடுது: ஊசி நூல் எடுக்காமல் என்னவெல்லாம் ஆக்கலாம்?

செக்காலைவாசி கேட்டது:

காரைக்குடியில் இருந்து எழுதுறேன். 1984-இல் எடுத்த காஞ்சிபுரம் கல்யாணப் பட்டு ஒண்ணு இருக்கு. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, ரெண்டு பக்கமும் கரை 7 அங்குலம். முந்தானையும் கிளிப்பச்சை, நிறைய ஜரிகை. நீளம் 5.5 மீட்டர், அகலம் 120 செ.மீ. ரவிக்கைத் துண்டு அப்பவே வெட்டியாச்சு.

இப்போதைய நிலவரம்: நடுமடிப்பில் ரெண்டு இடத்தில் விட்டுப்போச்சு. ஒண்ணு 4 அங்குலம், இன்னொண்ணு விரல் நுழையற அளவு. உடலில் ஒரு இடத்தில் மஞ்சள் கறை. ஜரிகை அங்கங்கே கருத்திருக்கு. இனி கட்ட முடியாது. பெட்டியில் வெச்சால் இன்னும் விடும்னு தெரியுது.

எனக்குத் தையல் சுத்தமாத் தெரியாது, மெஷினும் கிடையாது. ஒட்டுறது, மடிக்கிறது, சட்டம் போடுறது இதுக்குள்ளேயே முடிக்கணும். ஆசைப்படுறது நாலு: சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்பு, முந்தானையைச் சட்டம் போட்டு மாட்டுறது, 16 அங்குலத் திண்டு உறை ரெண்டு, தாம்பூலம் வைக்க ஓலைக் கொட்டானுக்கு உள்துணி. இதில் எதை இந்தப் பட்டு தாங்கும், எதைத் தாங்காது? எந்தப் பசை? எங்கே முதலில் வெட்டணும்?

---

பாவுநூல்:

ஆச்சி, கத்தரியை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

முதலாவது, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. படைப்புக்கோ வேறு சாமி காரியத்துக்கோ எடுத்து வைக்கிற சேலை என்றால் அதில் கத்தரி படக்கூடாது. வெட்டின பிறகு கேட்டுப் பயனில்லை.

ரெண்டாவது, எந்தப் பகுதியில் பட்டுக்கு இன்னும் உயிர் இருக்குன்னு பார்க்கணும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு நேரே ஒற்றை மடிப்பாகப் பிடிங்க. மடிப்புக் கோட்டில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிஞ்சால் அந்தக் கோடு போயாச்சு, கண்ணுக்கு இன்னும் கிழிசல் தெரியலை, அவ்வளவுதான். சந்தேகமான இடத்தில் ரெண்டு கட்டைவிரலையும் ஒரு அங்குல இடைவெளியில் வெச்சு மெதுவா இழுங்க. நல்ல பட்டு லேசாகக் கொடுத்துத் திரும்பும். போன பட்டு காகிதம் மாதிரி விறைப்பா நின்னு, "சர்"ருனு விடும்.

மடிப்பில் ரெண்டு வகை. சேலையின் நீளவாக்கில் ஓடுகிற மடிப்பில் போவது ஊடை இழை (குறுக்கே ஓடுகிற நூல்). குறுக்கு மடிப்பில் போவது பாவு இழை (நீளத்தில் ஓடுகிற நூல்). அகலத்தை ரெண்டாகவும் நாலாகவும் மடிச்சு வைக்கிற பழக்கத்தால் பெரும்பாலும் 30, 60, 90 செ.மீ. கோடுகளில்தான் முதலில் விடும். உங்களுடைய நடுமடிப்பு அந்த 60 செ.மீ. கோடு.

பார்த்ததைச் சேலையில் சாக்பீஸால் குறிக்காதீங்க, காகித டேப்பும் ஒட்டாதீங்க. டேப்பை உரிக்கும்போது இழையும் சேர்ந்து வரும். ஒரு காகிதத்தில் 55 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்துக்குக் கட்டம் போடுங்க. பத்தில் ஒரு பங்கு அளவில் அதுதான் உங்கள் சேலை. கிழிசல், கறை, கருத்த ஜரிகை எல்லாவற்றையும் அதில் குறிச்சால் எங்கே வெட்டலாம்னு அந்தத் தாளே சொல்லிடும்.

அடுத்தது பெட்னி, அதாவது உடலும் முந்தானையும் சேருகிற இடம். உடல் அரக்கு, முந்தானை பச்சை என்பதால் உடல் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்தானைப் பாவின் இழையைப் பிணைச்சு நெய்திருப்பாங்க. அந்த இடம் கெட்டியான ஒரு பட்டையாக விரலுக்குத் தட்டுப்படும். அந்தப் பட்டை பலமானது, ஆனால் அதை ஒட்டி ரெண்டு பக்கமும் இருக்கிற மெல்லிய பட்டு அதன் கனத்துக்கு ஈடுகொடுக்காமல் கிழியும். பெட்னியின் மேலேயே வெட்டக்கூடாது, பிணைப்பு பிரிஞ்சு வரும். அதிலிருந்து 5 செ.மீ. உடல் பக்கமாகத் தள்ளி வெட்டுங்க.

கரை கோர்வையா என்றும் பாருங்க. உடலும் கரையும் சேருகிற இடத்தில் பல் மாதிரி சின்னச் சின்னதாகப் பின்னல் தெரிஞ்சால் கோர்வை. அதில் ஊடை ஒரே இழையாக ஓடாது. கரை, உடல், கரை என்று மூணு துண்டு. "ஒரு இழையை உருவிட்டு அந்தக் கோட்டில் வெட்டு" என்கிற வழக்கமான யோசனை இதில் மூணு தடவை தனித்தனியாகச் செய்தால்தான் பலிக்கும்.

ஜரிகையில் கருப்பு இருந்தால் எலுமிச்சை, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். நல்ல ஜரிகையில் பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். தங்கம் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு தடவை தேய்ச்சாலே மேல் பூச்சு போய் வெள்ளி வெளியே வந்துடும், பிறகு முன்னைவிட வேகமாகக் கருக்கும். கருத்த இடத்தை அப்படியே விடுங்க, சட்டத்துக்குள் பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

மஞ்சள் கறையில் சோப்புப் போடாதீங்க, சிவப்பாக மாறிடும். அந்த இடத்தை அடியில் மறைகிற பகுதிக்குத் தள்ளிடலாம்.

---

இஸ்திரிப்பெட்டி:

மேசை விரிப்புக்கு வழி சொல்றேன். இதில் ஒரே ஒரு விதிதான்: முதலில் ஒட்டணும், பிறகுதான் சரியான அளவுக்கு வெட்டணும். பட்டை வெறுமனே வெட்டினால் வெட்டின நிமிஷமே இழை பிரிய ஆரம்பிக்கும். பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டிட்டு வெட்டினால் ஒரு இழைகூட வராது.

டெய்லரிங் சாமான் விற்கிற கடையில் ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற "ஒட்டுற கேன்வாஸ்" என்று கேளுங்க, ஃபியூசிங் என்று கேட்டாலும் தருவாங்க. இருப்பதிலேயே மெல்லிசான துணி வகையை எடுங்க. காகிதம் மாதிரி இருக்கிற வகை மடிச்சால் கோடு விழும். சட்டைக் காலருக்கு வைக்கிற கெட்டி வகையும் வேண்டாம், அதுக்குச் சூடு அதிகம் தேவைப்படும், பட்டு தாங்காது.

எந்த வாக்கில் வெட்டுறதுன்னு பலரும் யோசிக்கிறதில்லை. சேலையின் நீளவாக்கில் துண்டு போடாதீங்க. குறுக்காகப் போடுங்க. 120 செ.மீ. அகலமே விரிப்பின் நீளமாகிடும். ரெண்டு முனையிலும் பச்சைக் கரை தானாக வந்து உட்காரும், கரையின் விளிம்பு நெய்த விளிம்பு என்பதால் மடிக்கவே வேண்டாம். ஒட்டி முடிக்க வேண்டியது ரெண்டு நீள விளிம்பு மட்டும்தான்.

வாங்க வேண்டியது: மெல்லிய ஒட்டுற கேன்வாஸ் 1.25 மீட்டர், ரெண்டு செ.மீ. அகல ஹெம்மிங் டேப் 7 மீட்டர் (ரெண்டு பக்கமும் ஒட்டும், வலை மாதிரி இருக்கும்), அடிப்பக்கத்துக்கு பாப்ளின் 1.3 மீட்டர், மேலே போட்டுத் தேய்க்க வெள்ளை மல் துணி ஒண்ணு. பாப்ளினை முதலில் நனைச்சுக் காயப்போட்டுடுங்க, பிறகு சுருங்கினால் விரிப்பு முறுக்கிக்கும்.

1. சேலையில் 45 செ.மீ. அகலத்துக்கு உத்தேசமாகத் துண்டு எடுங்க.
2. இஸ்திரிப்பெட்டியில் நீராவியை அணைச்சு, "சில்க்" குறியில் வெச்சு 5 நிமிஷம் காத்திருங்க. சூடேறின உடனே பெட்டி குறியைத் தாண்டிப் போய்த்தான் இறங்கும்.
3. பட்டை உள்பக்கம் மேலே தெரிய விரிங்க. கேன்வாஸின் சொரசொரப்பான பக்கம் பட்டைப் பார்க்கணும். பசை அந்தப் பக்கம்தான், வெளிச்சத்தில் சாய்ச்சால் புள்ளிபுள்ளியாக மின்னும். திருப்பி வெச்சுட்டால் பசை முழுக்க உங்கள் இஸ்திரிப்பெட்டியில்.
4. மேலே மல் துணி. நடுவில் ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போங்க. தேய்க்கக்கூடாது, அழுத்தணும். 10 விநாடி அழுத்தி, தூக்கி, பாதி மேலே பாதி வெளியே என்று நகர்த்தி மறுபடி 10 விநாடி.
5. ஆறுகிற வரை, பத்து நிமிஷமாவது, அசைக்காதீங்க. பசை பிடிக்கிறது ஆறும்போதுதான்.
6. இப்போ கேன்வாஸ் பக்கம் பென்சிலில் 40 செ.மீ. அகலத்துக்குக் கோடு போட்டு வெட்டுங்க. கோட்டை அளவுகோலை மட்டும் நம்பிப் போடாமல் உடலில் ஓடும் புட்டா வரிசைக்கோ ஊடைக்கோ இணையாகப் போடுங்க. பழைய சேலை எப்பவும் கொஞ்சம் கோணலாக இழுபட்டிருக்கும்.
7. ரெண்டு நீளப் பக்கமும் 3 செ.மீ. மடிச்சு, மடிப்புக்குள் டேப்பை வெச்சு அழுத்துங்க. முடிவில் அகலம் 34 செ.மீ.
8. பாப்ளினை 37-க்கு 122 செ.மீ. வெட்டி, நாலு பக்கமும் 2 செ.மீ. உள்ளே மடிச்சுத் தேய்ச்சு, விளிம்பின் அடியில் டேப் வெச்சுப் பட்டின் பின்பக்கம் ஒட்டுங்க. சுற்றிலும் கொஞ்சம் உள்ளடங்கி நிற்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

60 செ.மீ. மடிப்புக் கோடு விரிப்பின் நடுவே குறுக்காக வரும். கிழிசல் இல்லாத, கோடு மட்டும் விழுந்த துண்டு என்றால் கேன்வாஸ் தாங்கிக்கும். அந்த இடத்தில் பழத்தட்டோ விளக்கோ வெச்சிடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. கொதிக்கிற பாத்திரத்தை இதன் மேல் வைக்கக்கூடாது, பசை மறுபடி இளகி அந்த வட்டத்தில் துணி பிரியும். தண்ணீரில் துவைக்கவும் முடியாது. சாப்பாடு நடக்கிற நேரம் எடுத்து வெச்சுட்டு மற்ற நேரம் போடுற விரிப்பாகவே நினைச்சுக்குங்க.

திண்டு உறைக்கு என் பதில்: முழு உறையையும் இந்தப் பட்டில் ஒட்டிச் செய்யாதீங்க. சாய்கிறபோது இழுவை முழுக்க ஒட்டின ஓரத்துக்குத்தான் போகும். டேப் பிடிச்சாலும் அதன் பக்கத்துப் பட்டு கிழியும். கடையில் 16 அங்குலத்துக்கு ஜிப் வெச்ச கெட்டிப் பருத்தி உறை, சந்தன நிறமோ அரக்கோ, வாங்குங்க. கேன்வாஸ் ஒட்டின பட்டை 30-க்கு 30 செ.மீ. சதுரமாக வெட்டி முகப்பில் மட்டும் பதிங்க. ஒட்டும்போது உறைக்குள் ஒரு அட்டையைச் சொருகிடுங்க, இல்லாட்டி முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கும்.

---

செக்காலைவாசி:

ரொம்ப நன்றி. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டில் கேன்வாஸ் ஒட்டிப் பார்த்தேன். மூணு பிரச்சினை. முன்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கு. ஒரு மூலையில் பட்டின் முகத்திலேயே பசைப் புள்ளி தெரியுது. கரைப் பக்கம் கேன்வாஸ் பிடிக்கவே இல்லை, நகத்தால் தூக்கினால் வந்துடுது. சேலையைப் போன வருஷம் பாலிஷ் போட்டு வாங்கினோம், அதனாலயா?

---

இஸ்திரிப்பெட்டி:

மூணுக்கும் காரணம் வேற வேற.

கொப்புளம்: பெட்டியை இழுத்துத் தேய்ச்சிருப்பீங்க, அல்லது ஆறுறதுக்கு முன்னாடி தூக்கியிருப்பீங்க. பின்பக்கமிருந்து மல் துணி போட்டு இன்னும் 10 விநாடி அழுத்தி, உடனே ஒரு கனமான புத்தகத்தை மேலே வெச்சு ஆறவிடுங்க. பாதிக்கு மேல் சரியாகும்.

பசைப் புள்ளி: சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம். மெல்லிய பட்டில் பசை இளகி முன்பக்கம் ஊடுருவிடும். வந்த புள்ளியை எடுக்க முடியாது, சுரண்டினால் பட்டுதான் போகும். சூட்டைக் கொஞ்சம் இறக்கி, நேரத்தை 10-இல் இருந்து 12 விநாடி ஆக்குங்க. பிடிமானம் போதவில்லை என்றால் எப்பவும் நேரத்தைக் கூட்டணும், சூட்டைக் கூட்டக்கூடாது.

கரையில் பிடிக்காதது: பாலிஷ் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் ஏறின கஞ்சிப் பூச்சின் மேல் பசை உட்காரும், பட்டில் உட்காராது. ஆனால் முக்கியமான காரணம் ஜரிகையின் மேடு பள்ளம். உடலும் ஜரிகைக் கரையும் ஒரே தளத்தில் இல்லை, பெட்டியின் தட்டையான முகம் மேட்டில் மட்டும் படும். அடியில் ரெண்டாக மடிச்ச துவாலையைப் போட்டு, ஜரிகை முகம் துவாலையைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து, பின்பக்கமிருந்து அழுத்துங்க. மேடு துவாலைக்குள் இறங்கிடும், கேன்வாஸ் முழுசாகப் படும். பெட்னிப் பட்டைக்கும் இதேதான்.

அதோடு ஜரிகையில் ஒரு இழையை ஓரத்திலிருந்து உருவி, தீக்குச்சியில் காட்டிப் பாருங்க. உள்ளே பட்டு நூல் என்றால் முடி கருகுற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும், கம்பி மிஞ்சும். உருகி மணியாகச் சுருண்டால் பிளாஸ்டிக் ஜரிகை. அதில் சூடு பட்டால் கரை சுருங்கிடும், அந்தப் பகுதியில் இஸ்திரி வழி வேண்டாம்.

---

கண்ணாடிச்சட்டம்:

முந்தானைக்கு வரேன். இதில் பசையே கிடையாது, சூடும் கிடையாது. பட்டு நைஞ்சிருந்தாலும் சட்டத்துக்குள் நிம்மதியாக இருக்கும். நாலு ஆசையில் இதைத்தான் முதலில் முடிக்கணும்னு சொல்வேன், ஏன்னா திரும்பக் கிடைக்காத பகுதி இது.

சட்டம்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பழைய சாமி படச் சட்டங்கள் கிடைக்கும். தேக்குச் சட்டம், உள் அளவு 45-க்கு 60 செ.மீ. இருந்தால் முந்தானையின் ஒரு பெரிய பகுதி அடங்கிடும். வாங்குறப்போ சட்டத்தின் உள்பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்க. கண்ணாடி, இடைவெளிப் பட்டை, போர்டு, பின்பலகை எல்லாம் சேர்ந்து 2 செ.மீ. வேணும். படம் மட்டும் வைக்கச் செய்த சட்டங்களில் அரை செ.மீ.தான் இருக்கும். அதுக்குப் பின்பக்கம் ஒரு மரப்பட்டை சேர்த்து ஆழப்படுத்தச் சொல்லி ஆசாரியிடம் கொடுங்க. செல் அரிச்ச துளை இருக்கிற சட்டத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீங்க.

உள்ளே 5 மி.மீ. ஃபோம் போர்டு. அதன் மேல் கஞ்சி போகத் துவைச்ச வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிடுங்க. பட்டு நேரடியாக போர்டையோ மரத்தையோ தொடக்கூடாது. முந்தானைத் துண்டு போர்டைவிட நாலு பக்கமும் 8 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

பரப்பினதும் ஊசிகளை போர்டின் முகத்தில் குத்தாமல், அதன் கனத்தில், பக்கவாட்டில் குத்துங்க. மேல் நடு, கீழ் நடு, இடது நடு, வலது நடு, பிறகு மூலைகளை நோக்கி 3 செ.மீ.க்கு ஒண்ணு. துருப்பிடிக்காத குண்டூசிதான் வேணும். சாதாரண குண்டூசி ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி வெச்சிடும். வெறும் பித்தளை ஊசியும் பச்சைக்களிம்பு ஏற்றும்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் இங்கேதான்: விறைப்பாக இழுத்துடுறாங்க. ஜரிகை நீளாது, பட்டு நீளும். இழுத்துக் குத்தினால் ஜரிகைப் பட்டைகளுக்கு நடுவில் பட்டு மட்டும் அலை அலையாக நிற்கும், நாளடைவில் அங்கேயே விடும். உள்ளங்கையால் தடவினால் மட்டமாக இருக்கணும், தட்டினால் மத்தளம் மாதிரி இருக்கக்கூடாது.

மீதி 8 செ.மீ.யைப் பின்னால் மடிச்சுப் பருத்தி நாடாவால் குறுக்கே கட்டி நிறுத்துங்க. ரெட்டைப்பக்க டேப் வேண்டாம், நாலைஞ்சு வருஷத்தில் அது பழுத்துப் பட்டில் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும். ரப்பர் பேண்டும் ரப்பர் பஞ்சும் உள்ளே போகவே கூடாது, ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கருக்கும்.

கண்ணாடி பட்டைத் தொடக்கூடாது. நடுவில் 5 மி.மீ. மரப்பட்டை நாலு பக்கமும் வேணும். ஐப்பசி மழையில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் பூத்தால், தொட்டுக்கிட்டு இருக்கிற பட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கும்.

மாட்டுற இடம்: வளவு (நடுமுற்றம்) வழியா வெயில் நேரே விழுகிற சுவர் ஆகாது. சாமி அறையும் ஆகாது, சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் சட்ட இடுக்கில் புகுந்துடும். பட்டாலையின் (உயர்ந்த கூடம்) உள்சுவர் நல்லது. பழைய வீட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றின சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஆணியைச் சுத்தியலால் அடிக்காதீங்க, தட்டையாகப் பெயர்ந்து விழும். அந்தப் பூச்சைத் திரும்பப் போட ஆள் தேடுறதே கஷ்டம். மெல்லிசான துரப்பணத்தால் மெதுவாகத் துளை போட்டு மரக்கட்டை செருகி அதில் ஆணி வைங்க. உத்தரத்திலோ மரத்தூணிலோ கொக்கி இருந்தால் கயிறு கட்டித் தொங்கவிடுறது இன்னும் நல்லது.

---

ஓலைக்கொட்டான்:

கொட்டானுக்கு உங்கள் 7 அங்குலக் கரை அளவெடுத்துச் செஞ்ச மாதிரி பொருந்தும். 6 அங்குல விட்டம், 4 அங்குல உயரமுள்ள வட்டக் கொட்டானைக் கணக்கு வெச்சுச் சொல்றேன்.

சுற்றளவு 48 செ.மீ. கரையில் 51 செ.மீ. நீளம் எடுங்க, மூணு செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏற. கரை அகலம் ஏறக்குறைய 18 செ.மீ. அதில் 11 செ.மீ. உள்சுவருக்கு, மீதி 7 செ.மீ. வாய்க்கு மேலாக வெளியே மடிஞ்சு தொங்கும். நெய்த விளிம்பு வெளியே இருக்கட்டும். அது பிரியாது, மடிக்க வேண்டியதும் இல்லை. வெட்டின விளிம்பு உள்ளே அடியில் போய்டும்.

அடிக்கு கெட்டி அட்டையில் 14 செ.மீ. வட்டம். பட்டை 18 செ.மீ. வட்டமாக வெட்டி, சுற்றிலும் ஒன்றரை செ.மீ.க்கு ஒரு தடவை உள்நோக்கி வெட்டுவாய் கொடுத்து, அட்டைக்குப் பின்னால் மடிச்சு ஒட்டுங்க. இதைக் கடைசியில் கொட்டானுக்குள் இறக்கினால் சுவர்த்துணியின் வெட்டு விளிம்பை அழுத்திப் பிடிச்சுக்கும்.

ஒட்டுறது வாயோரத்தில் மட்டும். சுவர் முழுக்கப் பசை தடவாதீங்க. பனை ஓலை மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், பட்டு அதோடு சேர்ந்து போகாது, முழுக்க ஒட்டினால் சுருக்கம் விழும்.

பசை விஷயத்தில் ஒரு வார்த்தை. நிறையப் பேர் குளூ கன் சொல்வாங்க. ஓலைக்கும் மணிக்கும் அது சரி. பட்டுக்கு வேண்டாம். சூடான பசை பட்டில் கறுப்பாக ஊறித் தெரியும், ஆறினதும் கூழாங்கல் மாதிரி மேடு தட்டும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் அதிகம், பட்டில் விளிம்பு கட்டின வட்டக் கறை விழும், அரக்குச் சாயம் வேற ஓடும். துணிக்கென்று விற்கிற பசையை வாங்கி, ஐஸ் குச்சியால் ஓலை மேல் மெல்லிசாகத் தடவுங்க. பட்டில் தடவக்கூடாது. ரெண்டு நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் பட்டை வைங்க. துணி காயப்போடுற மரக் கிளிப்பை வாயைச் சுற்றி எட்டு போட்டு அரை மணி நேரம் விடுங்க. கிளிப்புக்கும் பட்டுக்கும் நடுவில் காகிதத் துண்டு வைக்க மறக்காதீங்க.

வெற்றிலை ஈரத்தில் பட்டு கறை பிடிக்கும். உள்ளே ஒரு வாழையிலை வட்டமோ மெழுகுத்தாளோ போட்டுத்தான் தாம்பூலம் வைக்கணும். ஊர்க் கொட்டானையே வாங்குங்க. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, பின்னல் நெருக்கமாக இருக்கும், வாயோரம் முறுக்காது. தளர்வாகப் பின்னின மலிவுக் கூடையில் ஒட்டின துணி நிற்காது.

---

ஏழுபடி:

எல்லாரும் வெட்டுறதைப் பற்றியே சொல்றீங்க. உடல் பகுதி 4 மீட்டருக்கு மேல் மிஞ்சப்போகுது. அதில் நல்ல பகுதியை வெட்டாமல் கொலுப்படிக்கு வைக்கலாமே. சேலை அகலம் ஏறக்குறைய 4 அடி, 4 அடிப் படிக்கு ஓரம் தட்டாமல் சரியாக உட்காரும். ஒரு படிக்கு உயரம் 20, ஆழம் 25 என்றால் 45 செ.மீ. அஞ்சு படிக்கு 2.25 மீட்டர். நீளவாக்கில் மேலிருந்து கீழே விடுங்க, மீதியை மேல்படிக்குப் பின்னால் சுருட்டி வைங்க. அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டி கட்டாயம். மரச்சாயமும் ஆணித்தலையும் பட்டில் படக்கூடாது. ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் எலாஸ்டிக் கயிற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் துணி மூலைக்குள் உட்காரும், ஒரு குண்டூசி தேவைப்படாது. கீழே ஓரத்தில் மட்டும் காகிதம் வெச்சு பைண்டர் கிளிப்.

ஆனால் நடுமடிப்பு விட்ட பகுதியைப் படியில் போடாதீங்க. மரப்பாச்சியும் மண்பொம்மையும் வெச்சு எடுக்கிறபோது கிழிசல் நீளும்.

---

செக்காலைவாசி:

அத்தைகிட்ட கேட்டாச்சு, படைப்புச் சேலை இல்லை, வெட்டலாம்னு சொல்லிட்டாங்க. தாளில் கட்டமும் போட்டேன். முந்தானை 90 செ.மீ. 4 அங்குலக் கிழிசல் முந்தானை முனையிலிருந்து 2.1 மீட்டரில். சின்னக் கிழிசல் 2.6-இல். மஞ்சள் கறை 1.2-இல் இருந்து 1.4 வரை, மேல்கரையை ஒட்டி. கடைசி 2.75 மீட்டர் வெளிச்சத்தில் சுத்தமாக இருக்கு. இந்தக் கணக்குக்கு எப்படி வெட்டலாம்? இன்னொண்ணு, தெருவில் பழைய பட்டு வாங்குறவங்க வந்தால் மிச்சத்தைக் கொடுக்கலாமா?

---

பாவுநூல்:

தாளில் போட்டதால் எல்லாம் தெளிவாயிடுச்சு.

முந்தானை முனையிலிருந்து 95 செ.மீ.யில் முதல் வெட்டு. 90-இல் பெட்னி, அதுக்கு 5 செ.மீ. தள்ளி. இந்தத் துண்டுக்குச் சூடும் பசையும் கிடையாது என்பதால் கேன்வாஸ் ஒட்டாமல்தான் வெட்டணும், இது ஒண்ணுதான் விதிவிலக்கு. வெட்டின விளிம்பு சட்டத்துக்குப் பின்னால் மடிஞ்சுடும், இழை பிரிஞ்சாலும் தெரியாது. சட்டத்தின் உள் அளவு 45-க்கு 60, சுற்றிலும் 8 சேர்த்தால் 61-க்கு 76 போதும். ஆனாலும் முந்தானையை அகலத்தில் நறுக்காமல் 120 செ.மீ. முழுசாகவே வெச்சு, மிச்சத்தைப் பின்னால் மடிச்சு வைங்க. பின்னாளில் பெரிய சட்டம் போடணும்னு தோணினால் முழு முந்தானையும் இருக்கும்.

95-இல் இருந்து 2.75 வரை உள்ள 1.8 மீட்டர்தான் உங்கள் வெட்டுத்துணி. கிழிசலும் கறையும் இங்கேதான். இதிலிருந்து:

விரிப்புக்கு 1.45-இல் இருந்து 1.90 வரை 45 செ.மீ. கறையும் கிழிசலும் இல்லாத இடம்.

திண்டு முகப்பு ரெண்டுக்கும் 2.15-க்கும் 2.55-க்கும் நடுவில். கிழிசல் 60 செ.மீ. கோட்டில்தான் இருக்கு, கரைகளைக் கழிச்சால் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 42, கீழே 42 செ.மீ. உடல் மிஞ்சும். மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம், நடுக்கோட்டைத் தொடவே வேண்டாம். 30 செ.மீ. கோட்டில் மட்டும் வெளிச்சப் புள்ளி இருக்கான்னு பார்த்துக்குங்க. இருந்தால் கேன்வாஸ் ஒட்டும்போது அந்தக் கோடு சதுரத்தின் நடுவில் வர்ற மாதிரி வைக்காதீங்க, ஓரத்துக்குத் தள்ளுங்க.

கொட்டான் கரைத்துண்டு 51 செ.மீ.க்குக் கறை இல்லாத கீழ்க்கரையில் 95-இல் இருந்து 1.45 வரை கிடைக்கும். 50தான் வருது, ஒன்றன் மேல் ஒன்று ஏறுறதை 2 செ.மீ.யாகக் குறைச்சால் சரியாகிடும். கோர்வைப் பல்லின் மேலேயே வெட்டாமல் ஒரு செ.மீ. உடலையும் சேர்த்து வெட்டுங்க. அடி வட்டத்துக்கு விரிப்புக்கும் திண்டுக்கும் நடுவில் மிஞ்சுற 1.90 முதல் 2.05 வரை உள்ள உடல் துண்டு 15 செ.மீ.தான், 18 வராது. அதனால் வட்டத்தை 95-க்கும் 1.2-க்கும் நடுவில் உடலிலிருந்து எடுங்க.

கடைசி 2.75 மீட்டரை வெட்டாதீங்க. அது கொலுவுக்கு.

விற்கிற விஷயம்: அவங்க வாங்குறது ஜரிகையை, பட்டை இல்லை. முந்தானையும் கரையும் எடுத்த பிறகு மிஞ்சுற உடல் துண்டுக்கு விலை கிடைக்காது. கொடுக்கிறதாக இருந்தால் ஜரிகையை நகைக்கடையில் உரைச்சுப் பார்த்து வெள்ளி இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகு, எடையைக் கண்ணெதிரே போடச் சொல்லிக் கொடுங்க.

---

இஸ்திரிப்பெட்டி:

வெட்டுத்துணியில் விரல் அகல ஜரிகைத் துண்டுகள் மிஞ்சும், தூக்கிப் போட்டுடாதீங்க. கேன்வாஸ் ஒட்டினது என்றால் இழை பிரியாது, மொய்க் கவரின் மடிப்பு ஓரத்தில் ஒரு பட்டையாக ஒட்டினால் அழகாக நிற்கும். அதுக்குத் துணிப் பசை, ஐஸ் குச்சி, புத்தகக் கனம், அவ்வளவு போதும்.

வெட்டாத 2.75 மீட்டரை மடிச்சு வைக்க வேண்டாம். அட்டைக் குழல் ஒண்ணுக்கு வெள்ளை வேட்டித்துணி சுற்றி, அதன் மேல் ஜரிகை முகம் வெளியே வர்ற மாதிரி சுருட்டி, இன்னொரு வெள்ளைத்துணியில் பொதிஞ்சு நாடா கட்டுங்க. அந்துருண்டை போட்டே ஆகணும்னா துணியில் முடிஞ்சு பெட்டியின் மூலையில் வைங்க, ஜரிகையைத் தொடக்கூடாது. குழல் 130 செ.மீ. இருக்கணும், ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற குழலைக் கேட்டால் கொடுப்பாங்க.